பீட்டிலுக்குப் பாடம் எடுக்க வேண்டும்

மாமாவிடம் 1966 மாடல் பீட்டில் கார் ஒன்று இருக்கிறது. பின்னால் 1300 என்று எழுதியிருக்கும். என்னிடம் இருப்பது 1986 கோல்ஃப், இரண்டாம் தலைமுறை, 1.6 லிட்டர் கார்புரேட்டர் எஞ்சின் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர்), 75 குதிரைத்திறன். இரண்டும் ஃபோக்ஸ்வாகன்தான், நடுவில் சரியாக இருபது வருஷம். போன மாதம் மாமா மூன்று வாரம் வெளியூர் கிளம்பினார். "சும்மா நிறுத்தி வைக்காதே மாப்ளே, ரெண்டு நாளைக்கு ஒரு தடவையாவது எடு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மூன்று வாரமும் ஒரு நாள் இது, ஒரு நாள் அது என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். பீட்டிலை அதற்கு முன்பும் ஓட்டியிருக்கிறேன், ஆனால் அப்போதெல்லாம் பக்கத்து சீட்டில் மாமா இருப்பார், கியர் மாற்றும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தே நான் செய்வது சரியா தப்பா என்று தெரிந்துவிடும். தனியாக ஓட்டியது இதுதான் முதல் தடவை.

பழைய கார் என்றால் எல்லாம் ஒரே ரகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் நண்பர்களுக்கு இவை இரண்டும் "அந்தப் பழைய வண்டிகள்", அவ்வளவுதான். ஆனால் இன்றைய காரை மட்டுமே ஓட்டிப் பழகிய ஒருவரிடம் கோல்ஃப் சாவியைக் கொடுத்தால் அவர் உட்கார்ந்து கிளப்பிக்கொண்டு போய்விடுவார், திரும்பி வந்து "ஸ்டியரிங் கொஞ்சம் கனமாக இருக்கு" என்று மட்டும் சொல்வார் (பவர் ஸ்டியரிங் கிடையாது). அவரிடமே பீட்டிலைக் கொடுக்க வேண்டும் என்றால் முதலில் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பாடம் எடுக்க வேண்டும். 1966-க்கும் 1986-க்கும் நடுவில் நடந்த மாற்றம், 1986-க்குப் பிறகு இன்று வரை நடந்த மாற்றத்தைவிடப் பெரியது என்பதுதான் மூன்று வாரத்தில் எனக்குத் தோன்றியது. ஏர்பேக், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். வருகிறேன்.

பாடம் என்றேன் இல்லையா, அது சாவியைத் திருப்புவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. ஆக்சிலரேட்டரை ஒரு தடவை முழுதாக மிதித்து விட வேண்டும், அப்போதுதான் குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக் தன் இடத்தில் போய் உட்காரும். அந்த மிதியே வினோதம், ஏனென்றால் பீட்டிலில் பெடல்கள் மேலிருந்து தொங்குவதில்லை, தரையிலிருந்து முளைத்து நிற்கின்றன. கிளட்சை மிதிக்கும்போது கால் போகும் வளைவே வேறு. முதல் இரண்டு நாள் எனக்கு முழங்காலுக்குக் கீழே வலி. பிறகு 6 வோல்ட் பேட்டரி. செல்ஃப் எடுக்கும் சத்தத்தைக் கேட்டால் பேட்டரி இறங்கிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள், அது நல்ல பேட்டரியிலேயே அப்படித்தான் முனகும். ராத்திரி ஹெட்லைட் போட்டால் சாலை தெரிகிறதோ இல்லையோ, எதிரே வருகிறவருக்கு நாம் வருவது தெரியும். 12 வோல்ட்டுக்கு அடுத்த வருஷமே, 1967-ல், பெரும்பாலான மாடல்கள் மாறிவிட்டன. மாமாவின் வண்டி அதற்கு ஒரு வருஷம் முந்திப் பிறந்துவிட்டது.

ரிவர்ஸ் கியரில் மட்டும் ஒரு குடும்ப ஒற்றுமை கண்டுபிடித்தேன். இரண்டு காரிலும் கியர் குச்சியைக் கீழே அமுக்கித்தான் ரிவர்ஸ் போட வேண்டும். ஆனால் பீட்டிலில் அமுக்கி இடப்பக்கம் தள்ளிப் பின்னால் இழுக்க வேண்டும், கோல்ஃபில் அமுக்கி இடப்பக்கம் தள்ளி முன்னால். தினமும் வண்டி மாற்றி ஓட்டுகிறவனுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டாம்.

ஓட்டுவது எப்படி இருக்கிறது என்பதற்கு முன் எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதைப் பேசிவிட வேண்டும், எல்லாமே அங்கிருந்துதான் வருகிறது. பீட்டிலில் எஞ்சின் பின்னால், பின் சக்கரங்களுக்கும் அப்பால் தொங்குகிறது. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும், 1285 சிசி, 40 குதிரைத்திறன், காற்றால் குளிர்வது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, ஹோஸ் இல்லை. ஒரே ஒரு பெரிய ஃபேன். கோல்ஃபில் எஞ்சின் முன்னால், குறுக்கே, தண்ணீரால் குளிர்வது, ஓடுவது முன் சக்கரங்கள். இன்று தெருவில் போகும் சின்ன கார்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டில்தான் இருக்கின்றன. கோல்ஃப் இதைக் கண்டுபிடிக்கவில்லை, எஞ்சினைக் குறுக்கே படுக்கவைத்து முன் சக்கரத்தை ஓட்டும் வித்தையை 1959-லேயே மினி என்ற பிரிட்டிஷ் காரில் அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் காட்டிவிட்டார்.

ஒரு அளவைச் சொல்கிறேன். மாமாவின் பீட்டில் சுமார் 4.07 மீட்டர் நீளம். என் கோல்ஃப் 3.985 மீட்டர். புதியதுதான் குட்டை! ஆனால் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். பீட்டிலில் கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் அந்த வட்ட மட்கார்டுகளும் பானெட்டும் எவ்வளவு இடத்தைத் தின்கின்றன என்று தெரியும், பானெட்டுக்குள் பெட்ரோல் டேங்கும் ஸ்டெப்னியும் போக மிச்சம் இருப்பதில் ஒரு பெட்டி வைக்கலாம். பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு குழி, அதில் இரண்டு பை. கோல்ஃபில் பின் கதவைத் தூக்கி சீட்டை மடக்கினால் வாஷிங் மெஷினே ஏற்றிவிடலாம், ஏற்றியும் இருக்கிறேன். காற்றைக் கிழிப்பதிலும் அப்படித்தான். பீட்டிலின் உருண்டை உடம்பைப் பார்த்து அது காற்றில் வழுக்கிக்கொண்டு போகும் என்று நினைப்போம், அதன் காற்றுத் தடை எண் (குறைவாக இருந்தால் நல்லது) 0.48 அளவு. பெட்டி போல இருக்கும் கோல்ஃபுக்கு 0.34.

சரி, ஓட்டம். பீட்டிலில் எடை பின்னால் உட்கார்ந்திருப்பதால் ஸ்டியரிங் பூப்போல இருக்கிறது, சேற்றிலும் மேட்டிலும் பின் சக்கரம் தரையைக் கவ்விப் பிடிக்கிறது. சத்தம் முழுக்க முதுகுக்குப் பின்னால், வேகம் ஏற ஏற அது நம்மைவிட்டு விலகுவது போல ஒரு பிரமை. அதிகபட்சம் 120 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது, அந்த அதிகபட்சத்திலேயே நாள் முழுக்க ஓட்டலாம் என்றும் சொன்னது. நான் 90-க்கு மேல் போகவில்லை, அதற்குக் காரணம் எஞ்சின் அல்ல, பக்கக் காற்று. ஒரு லாரி தாண்டிப் போனால் மூக்கு அரை அடி நகர்கிறது, முன்னால் எடை இல்லையே.

அப்புறம் வளைவு. இதைத்தான் மாமா எனக்குப் பத்துத் தடவை சொல்லியிருந்தார்: "வளைவுக்குள்ள போயிட்டு ஆக்சிலரேட்டரை டக்குன்னு விடாதே. முன்னாடியே வேகத்தைக் குறை, உள்ளே போனதும் லேசா மிதிச்சுக்கிட்டே வெளியே வா." அந்தக் காலத்துப் பீட்டிலில் பின் அச்சின் ஒவ்வொரு பாதிக்கும் கியர் பெட்டிப் பக்கம் மட்டும்தான் மூட்டு, சக்கரத்தின் பக்கம் கிடையாது. அதனால் பின் பக்கம் மேலே எழும்பினால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்பக்கமாக மடங்குகிறது. வளைவில் பயந்து காலை எடுத்தால் எடை முன்னால் போகும், பின்பக்கம் தூக்கும், டயர் ஓரத்தில் நிற்கும், அந்தக் கனமான எஞ்சின் பெண்டுலம் மாதிரி நம்மை முந்திக்கொண்டு போகப் பார்க்கும். பயந்தால் காலை எடுக்க வேண்டும் என்பது மனித சுபாவம். பீட்டில் அந்த சுபாவத்தை விடச் சொல்கிறது. கோல்ஃபில் பயந்து காலை எடுத்தால் மூக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே திரும்பும், அவ்வளவுதான், பிழைத்துக்கொள்வோம். பின் சக்கர மூட்டுகளைக்கூட வளைவில் தானாகத் திசை சரியாக நிற்கும்படி சாய்த்து அமைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. என் அரை மணி நேரப் பாடத்தில் பாதி இந்த ஒரு விஷயத்துக்குத்தான் போகும்.

பிரேக்கும் அப்படித்தான். மாமாவின் வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் கிடையாது, மிதித்தால் நிற்கும், ஆனால் முன்கூட்டியே யோசித்து மிதிக்க வேண்டும். கோல்ஃபில் முன்னால் டிஸ்க், கூடவே பூஸ்டர். கோல்ஃபிலிருந்து இறங்கி நேராகப் பீட்டிலில் ஏறிய அன்று முதல் சிக்னலில் எனக்குக் கொஞ்சம் வியர்த்தது.

பராமரிப்பில்தான் நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. பீட்டில் எளிமையான வண்டி, ஸ்பானரும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் போதும் என்று சொல்வார்கள், உண்மைதான், எஞ்சினைக் கீழே இறக்க நான்கே நான்கு போல்ட். ஆனால் எளிமை என்றால் வேலை குறைவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயில் இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும், ஃபில்டர் கிடையாது, ஒரு வலைச் சல்லடை மட்டும், அதனால் 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, அடிக்கடி பார்க்க வேண்டும், அதுவும் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது, 0.10 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து. ஸ்பார்க் வரவைக்கும் சுவிட்சான பாயிண்டையும் பார்க்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரை மாமா "நோஞ்சான் பிள்ளை" என்பார், ஏனென்றால் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள் அந்த சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது, அதனால் அது மட்டும் அதிகம் சூடாகும். (கூலரைத் தனியாக ஒதுக்கிவைத்தது 1970-களின் தொடக்கத்தில்தான்.) என் கோல்ஃபிலோ பாயிண்டே இல்லை, எலக்ட்ரானிக் இக்னிஷன். டேப்பெட்டை ஆயில் அழுத்தமே சரிசெய்துகொள்கிறது. பானெட்டைத் திறக்காமல் மாதக்கணக்கில் ஓட்டலாம். நானும் அப்படித்தான் ஓட்டினேன், அதில்தான் வந்தது வினை, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சிவப்பு லைட் கதை. பீட்டிலில் டைனமோவும் ஃபேனும் ஒரே தண்டில் இருக்கின்றன, இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். ஆக, பெல்ட் அறுந்தால் சார்ஜ் ஏறாதது மட்டுமில்லை, எஞ்சினுக்குக் காற்றே போகாது. டேஷ்போர்டில் சூடு காட்டும் மீட்டர் கிடையாது. சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லும் சின்னச் சிவப்பு விளக்குதான் மொத்த எச்சரிக்கையும். அடுத்த ஊர் வரை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் எஞ்சின் போய்விடும். இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் அந்த விளக்கு மினுக் மினுக்கென்றது. கோல்ஃப் ஓட்டும் பழக்கத்தில் நான் வீடு வரை போய்விடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன், நல்லவேளை மாமாவின் முகம் கண்முன் வந்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் பெல்ட் அறுகவில்லை, தளர்ந்திருந்தது. வாராவாரம் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார், நான் பார்க்கவில்லை. இறுக்கும் முறை அலாதியானது: மேல் புல்லி இரண்டு தட்டுகளாகக் கழலும், நடுவில் மெல்லிய வாஷர்கள் அடுக்கியிருக்கும், ஒன்றை எடுத்தால் தட்டுகள் நெருங்கி பெல்ட் மேலேறி இறுகும். எடுத்த வாஷரைத் தூக்கி எறியக் கூடாது, வெளிப்பக்கம் போட்டு நட்டை முடுக்கி வைக்க வேண்டும், புது பெல்ட் போடும்போது திரும்பத் தேவைப்படும். பிறகு தேவைப்படும் உதிரியை அந்த இடத்திலேயே பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லும் வடிவமைப்பு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 1960-களின் கடைசியில் வந்த பீட்டில்களில் கண்ணாடி கழுவும் தண்ணீரைப் பீய்ச்சுவதற்கே ஸ்டெப்னியின் காற்றை எடுத்துக்கொள்வார்கள், அதுவும் இதே புத்திதான். மோட்டார் எதற்கு, காற்றுதான் சும்மா இருக்கிறதே.

இன்னொரு கூத்து. பீட்டிலில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். தண்ணீர் அளவு பார்க்கத் திறந்தவன் மேல் மூடியைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். அன்று பின்னால் ஏறிய நண்பர் கொஞ்சம் கனமானவர். சீட்டு ஸ்பிரிங் இறங்கி பேட்டரி முனையைத் தொட, இரண்டு தெரு தாண்டியதும் நார் கருகும் வாசனை. "என்னடா, ஏதோ சுடுதே" என்றார். பாவம். சீட்டைத் தூக்கிப் பார்த்தபோது புகைதான் வந்திருந்தது, தீ இல்லை. மாமாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை, அவர் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

இப்போது கோல்ஃபின் வினை. மாதக்கணக்கில் பானெட்டைத் திறக்கவில்லை என்றேனே, ஒரு நாள் காலையில் ஐடிலில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, எஞ்சின் வேகம் ஏறி ஏறி இறங்கியது, சிக்னலில் நின்றால் அணைந்தது. கார்புரேட்டரைச் சுற்றி மெல்லிய ரப்பர் குழாய்கள் ஒரு வலை போல ஓடுகின்றன, வெற்றிடத்தால் இழுத்து சோக்கையும் ஐடிலையும் ஆட்டிவைக்கும் குழாய்கள். கிட்டத்தட்ட நாற்பது வயது ரப்பர் எங்கோ ஒரு மயிரிழை வெடித்திருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. பீட்டிலில் என்ன கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும், கோல்ஃபில் கெட்டது காற்றுக் கசிவு, கண்ணுக்கே தெரியாது. அப்புறம் பிளாஸ்டிக். பீட்டிலில் நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தலாம், தகரம்தானே. என் கோல்ஃபில் ஹீட்டர் லிவரின் சின்னப் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, அதே மாதிரி இன்னொன்று கிடைக்க நான்கு மாதம் தேடினேன். இரும்புக் காலத்துக் கார் பழசாக ஆவதற்குத் தயாராக இருந்தது போலவும், பிளாஸ்டிக் காலத்துக் கார் பழசாக ஆகும் என்று யாரும் எதிர்பார்க்காதது போலவும் இருக்கிறது. துருவில் மட்டும் கோல்ஃபுக்கு வெற்றி, உடம்பின் பொந்துகளுக்குள் மெழுகு ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். பீட்டிலில் சூடான காற்று கதவுக்குக் கீழே ஓடும் தகரக் குழல்கள் வழியாகத்தான் முன்னால் வரும், அந்தக் குழல்கள்தான் முதலில் துருப்பிடிக்கும். அவை போனால் வண்டியின் முதுகெலும்பு போன மாதிரி.

ஒரே கம்பெனி இருபது வருஷத்தில் இப்படித் தலைகீழாக மாறியது எப்படி என்று யோசித்தால், விருப்பப்பட்டு மாறவில்லை. போர் முடிந்த 1945-ல் இவான் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ மேஜர் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்கில் இருந்த ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலையை மறுபடி ஓடவைத்தார், பிறகு கம்பெனித் தலைவர் ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃப் இருபது வருஷம் அதே வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக்கொண்டே இருந்தார். 1968-ல் அவர் இறந்தபோது கையில் அடுத்த கார் இல்லை. 1972 பிப்ரவரி 17 அன்று ஒரு கோடியே ஐம்பது லட்சத்தைத் தாண்டி ஃபோர்டு மாடல் டி-யின் எண்ணிக்கையைப் பீட்டில் முந்தியது, அப்போதே கம்பெனிக்கு உள்ளே கவலைதான். எஞ்சினைப் பின் சீட்டுக்கு அடியில் வைக்கும் ஒரு திட்டத்தை ரொம்ப தூரம் கொண்டுபோய் 1971-ல் கைவிட்டார்கள். கைகொடுத்தது 1960-களின் நடுவில் வாங்கிய ஆட்டோ யூனியன் என்ற கார் கம்பெனி, அதாவது இன்றைய ஆவ்டி. தண்ணீர், முன் சக்கரம் இரண்டும் தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். 1974-ல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜூஜாரோ வரைந்த முதல் கோல்ஃப் வந்தது, 1983-ல் என்னுடைய ரகம். பீட்டிலோ மெக்சிகோவின் புவெப்லாவில் 2003 ஜூலை 30 வரை ஓடியது, மொத்தம் 2,15,29,464 வண்டிகள். என் கோல்ஃபைவிட வயதில் சின்ன பீட்டில்கள் உலகத்தில் இருக்கின்றன என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது.

ஏர்பேக்குக்கு வருகிறேன் என்றேன். 1986-க்குப் பிறகு வந்ததில் உயிர் காக்கும் சாமான்கள் நிறைய, அதைக் குறைத்துப் பேசவில்லை. மோதல் என்று வந்தால் இரண்டிலுமே நான் இருக்க விரும்ப மாட்டேன், பெட்ரோல் டேங்கைக் காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டு போகும் பீட்டிலில் நிச்சயமாக மாட்டேன். ஆனால் அவையெல்லாம் ஓட்டுகிறவன் ஒன்றும் செய்யாமலே வேலை செய்பவை. என் கை கால் செய்யும் வேலை 1986-ல் இருந்ததுதான் இன்றும். 1966-ன் கை கால் வேறு.

எது வேண்டும் என்று கேட்டால், தினமும் போய்வர யோசிக்காமல் கோல்ஃப். லிட்டருக்கு எனக்கு 13 கிலோமீட்டர் வரை கொடுக்கிறது, பீட்டில் 11-ஐத் தாண்டவில்லை. மழையில் கண்ணாடி தெரிகிறது, நெடுஞ்சாலையில் பேசிக்கொண்டு போகலாம். ஆனால் கோல்ஃப் ஓட்டிய நாட்களில் எந்த வழியாகப் போனேன் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. பீட்டிலில் போன ஒவ்வொரு வளைவும் ஞாபகம் இருக்கிறது, கொஞ்சம் பயத்தோடு.

மாமா திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் பின் மூடியைத் திறந்து பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு வெளிப்பக்க வாஷர்களை எண்ணினார். ஒன்று கூடியிருந்ததைப் பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கோல்ஃபை ஒரு சுற்று எடுத்துப் போய் வந்து, "நல்லாத்தான் ஓடுது, என்ன, என்னை ஒண்ணும் கேக்கலை" என்றார். கிளம்பும்போது டிக்கியிலிருந்து ஒரு புது ஃபேன் பெல்ட்டை எடுத்து என் கோல்ஃபின் டேஷ்போர்டு அறைக்குள் போட்டார். "மாமா, இது இந்த வண்டிக்குச் சேராதே" என்றேன்.

"தெரியும். அடுத்த மாசம் ரெண்டு வண்டியும் சேர்ந்துதானே போறோம். நீ பின்னாடி வா."